மலைப் பட்டறையும் கடற்கலமும்



நுவரெலியாவுக்குச் சென்று வந்தவர்கள் கிரெகரி ஏரியை மறந்திருக்க மாட்டார்கள். தேசாதிபதி சேர் வில்லியம் கிரெகரியின் காலத்தில், 1873ஆம் ஆண்டிலே அமைக்கப்பெற்ற ஏரி அது. கடல் மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடி உயரத்திலே, குளிர் காற்றின் நடுவே, இயந்திரப் படகுகள் நீரைக் கிழித்துக்கொண்டு ஓடுவதைக் கரையில் நின்று பார்ப்பது அங்கு வருவோருக்கு இன்றும் ஒரு பொழுதுபோக்கு. அப்படகுகளுள் ஒன்றில் ஏதோ ஓர் உறுப்பு முறிந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே நமக்கு என்ன தோன்றும்? கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று தோன்றும். கடலைக் கண்ணால் காணாத மலையிலே கலத்துக்கு உறுப்புச் செய்யும் பட்டறை ஏது என்று நினைப்போம்.

ஆனால், பழைய வரலாற்றைச் சற்றுப் புரட்டினால் இந்த நினைப்புத் தலைகீழாகிவிடுகிறது. கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த நீராவிக் கப்பல்களைப் பழுது பார்த்து, அவற்றுக்கு வேண்டிய உறுப்புகளைச் செய்து கொடுத்த பெரும் பட்டறைகளுள் ஒன்று, கண்டி மலையிலே பிறந்து, பிறகு கடற்கரைக்கு இறங்கி வந்த பட்டறையாகும். கோப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பொறி செய்தவர்களே கப்பலுக்கும் உறுப்புச் செய்தார்கள். தேயிலையை உலர்த்தப் பிறந்த காற்றாடி கப்பலின் கொதிகலன் அறையிலே சுழன்றது. தேயிலைக் கொழுந்தை உருட்டும் பொறிகளை வார்த்த ஆலையிலிருந்து நீர்மூழ்கிப் படகொன்றும் வெளிவந்தது. மலைக்கும் கடலுக்கும் இடையே நிகழ்ந்த இந்தப் போக்குவரவைப் பற்றியே இன்று சில செய்திகளைக் கூற விரும்புகின்றேன்.

முதலில், விரைவுக் கலம் ஒன்றுக்கு உறுப்புத் தேடுவது எத்தகைய வேலை என்பதைப் பார்ப்போம். சரக்கேற்றும் சாதாரணப் படகுக்கு வேண்டியவை கடையிலே கிடைக்கும். வேகத்துக்கென்றே கட்டிய படகின் நிலை வேறு. 1894ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் சார்ல்ஸ் பார்சன்ஸ் என்னும் பொறியியலாளர் 'டர்பினியா' என்ற படகை நீரில் இறக்கினார். ஏறத்தாழ நூறடி நீளமுள்ள அந்தப் படகே நீராவிச் சுழலியால் ஓடிய முதற் கலம். தொடக்கத்தில் அது அவர் எண்ணிய வேகத்தை எட்டவில்லை. நீரைத் தள்ளும் திருகுச் சக்கரம் அளவுக்கு மீறி விரைந்து சுழன்றபோது, அதன் இதழ்களை ஒட்டி நீர் பிளந்து குமிழ்கள் தோன்றின. சக்கரம் நீரைப் பற்றித் தள்ளாமல் வீணே சுற்றியது. அக்குறையைப் போக்கும் சக்கரம் எந்த வாணிகரிடத்தும் இல்லை. ஏனெனில் அப்படி ஒரு தேவை உலகத்தில் அதற்கு முன் எழுந்ததே இல்லை. பார்சன்ஸ் சிறு நீர்த்தொட்டி ஒன்றை அமைத்து, மாதிரிச் சக்கரங்களைச் சுழற்றிச் சோதித்தார். முடிவில் ஒரு தண்டுக்குப் பதிலாக மூன்று தண்டுகளும், தண்டுக்கு மூன்றாக ஒன்பது சக்கரங்களும் பொருத்தினார். 1897ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியாரின் வைர விழாக் கடற்படை அணிவகுப்பிலே, டர்பினியா மணிக்கு 34 கடல் மைல் வேகத்தில் பாய்ந்து சென்று கண்டோரைத் திகைக்கச் செய்தது. அதன் கொதிகலனுக்குக் காற்றூதுவதற்கு ஒரு காற்றாடியும் இருந்தது. இந்தக் காற்றாடியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். மீண்டும் அதனிடம் வருவோம்.

ஆக, தேவை புதிதாக எழும்போது உறுப்பும் புதிதாகவே செய்யப்பட வேண்டியிருக்கிறது. இந்த உண்மையை நமது மலைநாடு பார்சன்ஸ் காலத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தது. அப்பொழுது அங்கே தேயிலை இல்லை, கோப்பி இருந்தது.

கோப்பிப் பழம் சிவந்து கனிந்ததும், அதன் தோலையும் சதையையும் நீக்கி உள்ளிருக்கும் இரு விதைகளையும் எடுக்க வேண்டும். இதைச் செய்யும் பொறியைத் தோட்டத்தார் 'பல்பர்' என்றனர். சிறு முளைகள் பொறித்த செப்புத் தகட்டை ஓர் உருளையின்மீதோ வட்டின்மீதோ போர்த்திச் சுழற்றுவார்கள். பழம் அதற்கும் ஓர் இரும்புத் தடுப்புக்கும் நடுவே சென்று தோல் உரியும். இடைவெளி சற்று அகன்றால் பழம் அப்படியே வெளியேறிவிடும். சற்றுக் குறுகினால் விதை வெட்டுப்படும். வெட்டுப்பட்ட விதைக்கு இலண்டனிலே விலையில்லை. பழத்தின் பருமனோ தோட்டத்துக்குத் தோட்டம் மாறுபடும். பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு இதற்கெல்லாம் அளவு சொல்ல முடியாது. பொறியும் அதன் மாற்று உறுப்புகளும் தோட்டத்துக்கு அருகிலேயே செய்யப்பட வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது.

இந்நிலையில்தான் ஜோன் வாக்கர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் 1854ஆம் ஆண்டிலே கண்டியில் தமது பட்டறையைத் தொடங்கினார். வாக்கர் கம்பெனி என்று பின்னாளில் பெயர் பெற்ற நிறுவனம் அதுவே. அதன் பல்பர்கள் இலங்கைத் தோட்டங்களோடு நில்லாமல், கோப்பி விளையும் பிற நாடுகளுக்கும் சென்றன. 1875ஆம் ஆண்டிலே தொடங்கிய பிரவுண் கம்பெனியின் வரலாறும் மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் பொறித்தொண்டு புரிந்ததிலிருந்தே ஆரம்பமாகிறது.

1869ஆம் ஆண்டளவில் கோப்பி இலையிலே செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. ஒரு பூஞ்சணத்தால் உண்டான அந்நோய், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிப் பயிரை ஏறக்குறைய அழித்துவிட்டது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1867இல், லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். அவருடைய முதல் தேயிலைத் தொழிற்சாலை அவரது பங்களாவின் திண்ணைதான். கொழுந்தை மேசைமீது பரப்பிக் கையாலேயே உருட்டினார்கள். ஆனால், கையால் உருட்டி உலகச் சந்தையை எட்ட முடியுமா? 1872ஆம் ஆண்டிலே டெயிலர் எழுதிய கடிதம் ஒன்று, தாமே எண்ணி வகுத்த உருட்டுப் பொறியொன்று கண்டியிலே செய்யப்பட்டு வருவதாகக் கூறுகிறது. அது வெற்றி பெறுமானால் தேயிலையில் இலாபம் காணலாம் என்ற நம்பிக்கையையும் அவர் அதில் வெளியிட்டார். அடுத்த ஆண்டிலே அவரது தேயிலை 23 இறாத்தல் இலண்டனுக்குச் சென்றது. ஒரு மனிதர் தமது தேவையைச் சொல்ல, கண்டியிலிருந்த கைகள் அதற்கேற்ற பொறியைச் செய்தன. டெயிலரின் பெயரை உலகம் அறியும். அந்தக் கைகள் யாருடையவை என்பது அக்கடிதத்தில் இல்லை.

இனி, கடற்கரைக்கு இறங்குவோம். 1875ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திலே, பின்னர் ஏழாம் எட்வேட் மன்னராகிய வேல்ஸ் இளவரசர், கொழும்பிலே அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். 1885இல் அச்சுவர் நிறைவெய்தியது. அதுவரை காலித் துறைக்குச் சென்ற பெருங்கப்பல்கள் கொழும்புக்கு வரலாயின. கப்பல் வந்தால் அதனோடு பழுதும் வரும். கீழ்த்திசைக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் செல்லும் நீராவிக் கப்பல்களுக்கு நடுவழியிலே உறுப்புச் செய்து கொடுக்க யார் இருந்தார்கள்? வாக்கர் கம்பெனி 1880களின் தொடக்கத்திலே கொழும்பில் கிளை அமைத்தது. கண்டியிலே கோப்பிப் பொறி செய்தவர்கள் துறைமுகத்திலே கப்பற் பொறியாளர்களாயினர்.

இது எப்படி இயன்றது? இரு வேலைகளுக்கும் அடிப்படை ஒன்றாயிருந்தமையே காரணம். தேயிலைத் தொழிற்சாலைக்குள்ளே நீர்ச்சக்கரமோ எண்ணெய்ப் பொறியோ சுழற்றும் நீண்ட இரும்புத் தண்டு ஒன்று கூரையை ஒட்டிச் செல்லும். அதிலிருந்து தோல் வார்கள் இறங்கி ஒவ்வொரு பொறியையும் சுழற்றும். கப்பலிலும் அவ்வாறே இயந்திரத்திலிருந்து பின்புறத்துத் திருகுச் சக்கரம்வரை ஒரு நீண்ட தண்டு செல்லும். தண்டு நூலிழையளவு கோணினாலும் அதைத் தாங்கும் இடங்கள் சூடேறித் தேய்ந்துவிடும். தாங்கியைப் புதுப்பிக்கும் முறையும் இரண்டிடத்தும் ஒன்றே. தண்டைச் சரியான நிலையிலே நிறுத்தி, சுற்றிலும் களிமண்ணால் அணைகட்டி, வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றுவார்கள். ஆறியபின் தண்டிலே சாயம் பூசிச் சுழற்றிப் பார்த்து, சாயம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டியால் சிறிது சிறிதாகச் செதுக்குவார்கள். சாயம் எங்கும் ஒருசீராகப் படியும்வரை இது நடக்கும். கண்ணும் விரலும் செய்யும் வேலை இது.

புதிய பற்சக்கரம் வேண்டுமாயின், முதலில் தச்சர் அதன் உருவை மரத்திலே செய்வார். உருகிய இரும்பு ஆறும்போது அடிக்கு எட்டிலொரு அங்குலம் சுருங்கும். ஆகவே மர உருவை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்யவேண்டும். வெண்கலமாயின் சுருக்கம் இன்னும் சற்று மிகுதி. மர உருவை மணலில் புதைத்து எடுத்து, அந்தப் பள்ளத்திலே இரும்பை வார்ப்பார்கள். பிறகு கடைசற் பொறியிலே கடைந்து, அரத்தால் அராவி, இடத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சக்கரம் கப்பலுக்குப் போகிறதா, ஹட்டனுக்குப் போகிறதா என்பது மணலுக்குத் தெரியாது.

தோட்டத்துப் பட்டறையிலே இவ்வளவு வசதி இல்லை. அங்கே உலைக்களமும், பட்டடைக் கல்லும், துளையிடு கருவியும், சில அரங்களும் இருக்கும். புகையிரதம் 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும் அடைந்தது. ஹட்டனை எட்டியது 1884இல், நானுஓயாவை எட்டியது 1885இல். அதற்கு முன் டிக்கோயாவுக்கும் திம்புலைக்கும் செல்லவேண்டிய இரும்புச் சாமான்கள் மாட்டு வண்டியிலும் ஆள் தோளிலும் ஏறின. புகையிரதம் வந்த பின்னும், நிலையத்திலிருந்து தோட்டத்துக்குச் செல்லும் வழி மலைவழியே. மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. கொழுந்தோ காத்திருக்காது. காலையிலே பெண்கள் கிள்ளிக் கொண்டுவந்த கொழுந்து மாடித் தட்டுகளிலே இரவு முழுவதும் வாடி, மறுநாள் விடியுமுன் உருட்டப்பட வேண்டும். உருட்டிய இலை புளித்துப் பக்குவமானதும் அதே வேளையில் உலர்த்தியில் ஏற வேண்டும். நடுவே ஒரு பொறி நின்றால், நூற்றுக்கணக்கான பெண்களின் ஒருநாள் உழைப்பு புளித்துக் கெட்டுவிடும்.

ஆகவே தோட்டத்து வேலையாளர் தமக்கென்று சில உபாயங்களைக் கைக்கொண்டனர். பற்சக்கரத்தில் ஒரு பல் முறிந்தால் முழுச் சக்கரத்தையும் எறிய முடியாது. முறிந்த இடத்தைச் சமன் செய்து, வரிசையாகத் துளையிட்டு, மரையுள்ள முளைகளை இறுக்கி, அவற்றை அராவிப் பல்லின் வடிவுக்குக் கொண்டுவருவார்கள். கொழும்பிலிருந்து புதிய சக்கரம் வரும்வரை அந்தப் பல் தாங்கும். சில வேளைகளில் புதிய சக்கரம் வந்த பின்பும் அதைக் கழற்ற மனம் வராது! நடுக்கடலிலே கப்பற் பொறியாளர் செய்வதும் இதுவே. கரை தொலைவு, கையில் இருப்பதைக் கொண்டு காரியத்தை முடிக்க வேண்டும். மழைக்கால இரவிலே மலைத்தோட்டமும் ஒரு கப்பல்தான்.

சுழலும் சக்கரத்தைத் தோட்டத்து மக்கள் 'றோதை' என்றார்கள். அதற்கு ஒரு காவற் தெய்வத்தையும் கண்டார்கள். அதன் பெயர் றோதைமுனி. தொழிற்சாலை அருகே அத்தெய்வத்துக்குப் படையலிட்டு, வாரிலோ பல்லிலோ கை சிக்காமல் காக்குமாறு வேண்டிக்கொண்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள், ஊரில் இல்லாத ஒரு புதிய ஆபத்துக்கு, ஊரில் இல்லாத ஒரு புதிய தெய்வத்தைப் படைத்துக்கொண்டனர். அந்தப் பொறிகள் எவ்வளவு அச்சத்தோடும் மதிப்போடும் கையாளப்பட்டன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இப்பொழுது, நினைவில் வைக்கச் சொன்ன காற்றாடியிடம் வருவோம். சாமுவேல் டேவிட்சன் என்னும் இளைஞர் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்துப் பக்கத்திலிருந்து 1864ஆம் ஆண்டிலே இந்தியாவின் கச்சார்ப் பகுதிக்குத் தேயிலைத் தொழில் பழக வந்தார். அக்காலத்தில் கரி நெருப்பின்மேல் மூங்கிற் தட்டுகளை வைத்து இலையை உலர்த்தினர். கரிக்காகக் காடு அழிந்தது. இலையிலே புகை நாற்றம் ஏறியது. நெருப்பைத் தொடாமல் வெப்பக் காற்றால் மட்டும் இலையை உலர்த்த ஒரு பொறியை டேவிட்சன் வகுத்தார். ஆபிரிக்கப் பாலைவனத்திலிருந்து வீசும் வெங்காற்றுக்குச் 'சிறோக்கோ' என்று பெயர். அதையே தம் பொறிக்கும் சூட்டினார். ஊர் திரும்பி, 1881ஆம் ஆண்டிலே பெல்பாஸ்டில் ஏழு தொழிலாளரோடு ஓர் ஆலையைத் தொடங்கினார். இலங்கையில் 1875இல் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கராயிருந்த தேயிலை, 1895இல் மூன்று இலட்சம் ஏக்கரைக் கடந்துவிட்டது. இந்த வளர்ச்சியோடு சிறோக்கோ உலர்த்திகள் நமது மலைத் தொழிற்சாலைகளிலும் இடம் பெற்றன. பெயரும் தோட்டத்து வழக்கிலே கலந்தது.

உலர்த்திக்குள் காற்றைச் செலுத்த நல்ல காற்றாடி தேவைப்பட்டது. பழைய காற்றாடிகளுக்கு நீண்ட, அகன்ற இதழ்கள் சிலவே இருந்தன. டேவிட்சன் அவற்றை விடுத்து, பேரிகை போன்ற ஒரு சட்டத்தின் விளிம்பைச் சுற்றிக் குறுகிய தகடுகள் பலவற்றை நெருக்கமாகப் பொருத்தினார். தகடுகள் சுழலும் திசையை நோக்கி முன்புறமாக வளைந்திருந்தன. 1898ஆம் ஆண்டிலே உருவான இக்காற்றாடி, சிறிய இடத்தில் இருந்துகொண்டு பெருமளவு காற்றைத் தள்ளியது.

சிறிய இடம், பெருங்காற்று என்ற இரண்டும் யாருக்கு வேண்டும்? கப்பல் கட்டுவோருக்கு வேண்டும். நிலக்கரி விரைவாக எரிந்தால் நீராவி மிகும். நீராவி மிகுந்தால் கலம் விரையும். அதற்காகக் கொதிகலன் அறைக்குள் காற்றை வலிந்து செலுத்துவார்கள். கப்பலிலோ அங்குல இடமும் அருமை. தேயிலைக்கென்று பிறந்த சிறோக்கோ காற்றாடி போர்க்கப்பல்களிலும் பயணிகள் கப்பல்களிலும் ஏறியது. பெல்பாஸ்ட் நகரிலேயே கட்டப்பட்டு 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலிலும் இவ்வகைக் காற்றாடிகள் இருந்தன. முதலாம் உலகப் போருக்குப் பின், 1919ஆம் ஆண்டு ஸ்காப்பாப் புகலிடத்திலே ஜெர்மானியர் தம் கப்பல்களைத் தாமே மூழ்கடித்தனர். அந்தக் கப்பல்களிலும் டேவிட்சனின் காற்றாடிகளே சுழன்றன என்று கூறுவர். கொழுந்தின் ஈரத்தை வாங்கப் பிறந்த பொருள், பகைநாட்டுக் கப்பலுக்கும் மூச்சளித்திருக்கிறது.

இன்னொரு செய்தி. நமது தொழிற்சாலைகளிலே உருட்டுப் பொறிகளைப் பார்த்திருப்பீர்கள். பித்தளை வேய்ந்த வட்ட மேசையின்மேல், பிறைபோல் வளைந்த வரம்புகளுக்கு மேலாக, கொழுந்து நிறைந்த பெட்டி சுற்றிச் சுற்றி வரும். இரு உள்ளங்கைகளுக்கு இடையே இலையை உருட்டும் செயலை இரும்பிலே செய்து காட்டுவது அது. அசாமிலே வில்லியம் ஜாக்சன் 1870களின் தொடக்கத்தில் வகுத்து, பின் திருத்திக்கொண்டே வந்த இத்தகைய பொறிகளை இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரத்து மார்ஷல் ஆலை வார்த்து அனுப்பியது. கெயின்ஸ்பரோ கடற்கரை ஊரன்று. உள்நாட்டிலே ஓர் ஆற்றங்கரையில் உள்ளது. இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானியக் கடற்படைக்குச் சிறு நீர்மூழ்கிப் படகுகள் தேவைப்பட்டன. நான்கு பேர் மட்டுமே செல்லத்தக்க, ஏறத்தாழ ஐம்பதடி நீளமுள்ள அந்தப் படகுகளுள் சிலவற்றைச் செய்யும் பொறுப்பு உள்நாட்டுப் பொறியாலைகளிடம் ஒப்படைக்கப்பட்டது. எக்ஸ் 24 என்ற படகு மார்ஷல் ஆலையிலே உருவாயிற்று. அவ்வகைப் படகுகளுக்கு இலண்டன் பேருந்துகளில் ஓடிய வகை டீசல் இயந்திரமே பொருத்தப்பட்டது. இருப்பதைக் கொண்டு இல்லாததைச் செய்யும் உபாயம் அங்கும் உண்டு. எக்ஸ் 24, 1944ஆம் ஆண்டிலே நோர்வேயின் பெர்கன் துறைக்குள் இருமுறை நுழைந்தது. ஏப்ரலில் ஒரு கப்பலை மூழ்கடித்தது. செப்டெம்பரில் மிதக்கும் கப்பற்றளம் ஒன்றை அழித்தது. இங்கிலாந்தின் கொஸ்போட் நகரத்து நீர்மூழ்கி அரும்பொருட்சாலையிலே அது இன்றும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

நேயர்களே, வாக்கர், டேவிட்சன், மார்ஷல் என்ற பெயர்களை இதுகாறும் அடுக்கிச் சொன்னேன். இரும்பிலே வார்க்கப்பட்ட பெயர்கள் இவை. எந்தத் தொழிற்சாலைக்குச் சென்றாலும் பொறியின் சட்டத்திலே புடைத்த எழுத்துகளில் அவற்றை வாசிக்கலாம். கண்டிக்கு அருகே ஹந்தானையில் பழைய தொழிற்சாலையொன்று தேயிலை அரும்பொருட்சாலையாக மாறி, 2001ஆம் ஆண்டு முதல் பழம் பொறிகளைக் காட்டி வருகிறது. கந்தப்பளையிலே ஹெதர்செட் தோட்டத்துத் தொழிற்சாலை 1996இல் விடுதியாக மாறியபோதும், அதன் பழைய இயந்திரத்தை அகற்றாமல் வைத்திருக்கிறார்கள். அங்கெல்லாம் செல்வோர், சட்டத்தில் உள்ள எழுத்துகளை வாசித்ததோடு நின்றுவிடாமல், சக்கரத்தின் பற்களையும் உற்று நோக்க வேண்டுகிறேன். நிறம் மாறிய ஒரு பல், அளவில் சற்று வேறான ஒரு முளை, கையால் அராவிய தடம் கண்ணிற் படக்கூடும். அது கெயின்ஸ்பரோவில் நிகழ்ந்ததன்று; ஓரிரவு விளக்கொளியிலே தமிழரோ சிங்களரோ ஆகிய ஒரு பட்டறைக்காரர் செய்தது. அவர் பெயர் எங்கும் வார்க்கப்படவில்லை.

கடற்கரையிலே நிலை சற்று வேறு. வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை அமெரிக்கக் கடலோடி வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கினார். அவர் மனைவியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அவ்வூர் மாலுமிகளும் சேர்ந்து செலுத்திச் சென்ற அக்கப்பல், 1938ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே அமெரிக்காவின் குளோஸ்டர் துறையை அடைந்தது. கப்பலின் பெயர் மாறினாலும், அதைக் கட்டியவர்களையும் ஓட்டியவர்களையும் வல்வெட்டித்துறை மறக்கவில்லை. ஓர் ஊர் இருந்தது. அதனால் நினைவும் இருந்தது. மலைநாட்டுப் பட்டறைக்காரருக்கோ அந்த ஊரே ஐயத்துக்குரியதாயிற்று.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத்துத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலே சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, 9,75,000 மக்களைக் கணக்கிட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு பின்னுக்கு ஒத்திவைக்கப்பட்டது. 1974இல் அவர்களையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. கொழுந்து கிள்ளிய பெண்கள் போனார்கள். உலர்த்தியின் முன் நின்றவர்கள் போனார்கள். உலைக்களத்திலே பட்டடைக் கல்லின் முன் நின்றவர்களும் போனார்கள். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968 முதல் நீலகிரிப் பகுதியிலே தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. அவர்களுட் பலர் மீண்டும் ஒரு மலையிலே, மீண்டும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் அருகே வாழ்வைத் தொடங்கினர். இலங்கையிலே எஞ்சியோரின் குடியுரிமைக் குறையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டிலே சட்டம் நிறைவேறியது. அதுவரை ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன.

ஒரு பட்டறை ஆளை அனுப்பிவிட்டால் அவரோடு எது போகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அரமும் சுத்தியலும் தோட்டத்திலேயே இருக்கும். அந்த மூன்றாம் இலக்க உருட்டுப் பொறி மழைநாளிலே எப்படி ஒலிக்கும், எந்தத் தாங்கி முதலில் சூடேறும், எந்தச் சக்கரத்தில் எந்தப் பல் பின்னால் வைத்தது என்ற அறிவு அவரோடு போய்விடும். அதை எவரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. பொறியை வகுத்தவரின் அறிவு காப்புரிமைப் பத்திரத்திலே இருக்கிறது. பொறியை ஓடவைத்தவரின் அறிவு அவர் பிள்ளைகளிடத்தும் பேரரிடத்தும் கதையாகவே இருக்கிறது. அக்கதைகளைக் கேட்டு எழுதி வைக்கும் கடமை நமக்கு உண்டு. நேயர்களுட் சிலருடைய வீட்டிலேயே, தொழிற்சாலையிலே றோதை ஓட்டிய ஒரு தாத்தாவைப் பற்றிய பேச்சு இருக்கலாம். அவர் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், அவர் செய்த வேலையையும் ஒரு தாளிலே எழுதி வையுங்கள். வரலாறு எழுதுவோருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஹட்டனுக்கு அருகே கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் மலையிலிருந்து இறங்கி ஒன்றுகூடிக் களனி கங்கையாகின்றன. களனி கங்கை கொழும்பின் வடபுறத்திலே கடலில் கலக்கிறது. அதே வழியிலேதான் ஒரு காலத்தில் மலையின் பட்டறையும் துறைமுகத்துக்கு இறங்கிச் சென்றது. அடுத்த முறை கிரெகரி ஏரியிலே விரைவுப் படகொன்று ஓடக் கண்டால், ஏரிக்கு அப்பாலுள்ள தேயிலைத் தொழிற்சாலைகளையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அங்கே சுழலும் தண்டும் இந்தப் படகின் தண்டும் ஒரே கைத்தொழிலின் பிள்ளைகள்.